சேம அச்சும் பந்தயக் காரும்



மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு அச்சு முறியும் என்பதை நம் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தார்கள். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டி ஒன்றைக் காட்டுகிறார். சுமையோ அதிகம். எருதுகளோ இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வழி பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். எங்கே என்ன நேருமென்று யாருக்குத் தெரியும்? ஆகவே உமணர் வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார்.

இந்த உவமையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. அச்சு முறிந்தது, சேம அச்சை மாட்டினார்கள். வண்டி ஊர் போய்ச் சேர்ந்தது. அடுத்த பயணத்தில் சக்கரம் போயிற்று, அதையும் மாற்றினார்கள். பிறகு நுகத்தடி, பிறகு பலகை. இப்போது சந்தையில் நிற்பது புறப்பட்ட அதே வண்டிதானா?

விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் இதே கேள்வி 1990ஆம் ஆண்டில் இலண்டன் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. வழக்குக்குரிய பொருள் ஒரு பழைய பந்தயக் கார். அந்தக் காரின் கதையைச் சொல்லுமுன், நம் மலையகத்தில் அத்தகைய கார்கள் ஓடிய பாதை ஒன்றில் சிறிது தூரம் நடந்து வருவோம்.

சித்திரை பிறந்தால் நுவரெலியாவுக்குக் களை வந்துவிடும். பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று வசந்தகாலக் கொண்டாட்டங்கள் தொடரும். அவற்றுள் ஒன்று மாகஸ்தோட்டத்தில் நடைபெறும் மலையேற்றக் கார்ப் பந்தயம். 1934ஆம் ஆண்டில் தொடங்கிய இப்பந்தயம் ஆசியாவின் மிகப் பழைய மலையேற்றப் பந்தயங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இதற்கென அமைத்த ஓடுதளம் எதுவும் இல்லை. தேயிலை மலைக்குள் வளைந்து ஏறும் தோட்டப்பாதைதான் களம். மற்றைய நாட்களில் கொழுந்து ஏற்றிய லொறியும், வேலைக்குப் போகும் பெண்களும், பாடசாலைப் பிள்ளைகளும் செல்லும் பாதை அது.

மலையேற்றப் பந்தயத்தில் கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொரு காராகப் புறப்படும். அடிவாரக் கோட்டிலிருந்து மேல்கோட்டை அடைய எத்தனை செக்கன் எடுத்தது என்று கணக்கிடுவார்கள். சாரதிக்கு எதிரி மற்றொரு சாரதியல்ல. சரிவும் வளைவும் கடிகாரமுமே. முழு ஓட்டமும் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். ஒரு வளைவில் தவறினால் அதை ஈடுசெய்ய அடுத்த சுற்று என்று ஒன்று கிடையாது.

நுவரெலியாவில் இன்னொரு தடையும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் காற்று மெலிந்துவிடுகிறது. கொழும்பில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் பெற்றோலை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் குடிக்கிறது. காற்று குறைந்தால் அதன் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். கொழும்பின் காற்றுக்கு ஏற்பத் திருத்திய காபரேற்றர் இங்கே அளவுக்கு மீறிப் பெற்றோலை ஊற்றும். கார் கரும்புகை கக்கும். தண்ணீரும் இந்த உயரத்தில் 100 பாகையில் கொதிப்பதில்லை. 94 பாகையிலேயே கொதித்துவிடும். றம்பொடைக் கணவாயில் ஏறிய அந்தக் காலத்துக் கார்களின் ரேடியேற்றர் அடிக்கடி பொங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். சாரதிகள் பாதையோரப் பீலியைக் கண்டதும் காரை நிறுத்திவிடுவார்கள். மலை, மனிதனைப் போலவே இயந்திரத்துக்கும் மூச்சு வாங்கச் செய்கிறது.

மாகஸ்தோட்டப் பந்தயம் தொடங்கிய அதே 1934இல் இங்கிலாந்தில் பழைய விளையாட்டுக் கார்களை நேசிப்பவர்களின் கழகம் ஒன்று உருவாயிற்று. 1930க்குப் பிறகு வந்த கார்கள் மலிவுக்காகச் செய்யப்பட்டவை, உயிரற்றவை என்பது அவர்களின் எண்ணம். எனவே 1930 முடியும்வரை செய்யப்பட்ட கார்களையே கழகம் ஏற்றுக்கொண்டது. அவற்றுக்கு ‘விண்டேஜ்’ என்ற பெயர் நிலைத்தது. சொல் திராட்சைத் தோட்டத்துக்கு உரியது. எந்த ஆண்டு அறுத்த பழத்தில் பிழிந்த மது என்பதைக் குறிப்பது. முதலாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1930 வரை பிறந்த கார்களையே இச்சொல் இன்று குறிக்கிறது.

அந்தத் தலைமுறையில் மிகவும் எளிய கார் ஒஸ்டின் செவன். 1922இல் வந்தது, 1939 வரையில் ஏறத்தாழ 2,90,000 கார்கள் செய்யப்பட்டன. எஞ்சின் 747 கன சென்ரிமீற்றர்தான். இன்றைய பல மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் இதைவிடப் பெரியது. ஆனாலும் மேல்தகட்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, எஞ்சினைச் சற்றுத் திருத்தினால் அதுவே பந்தயக் காராகிவிடும். சிறிய வருமானக்காரனும் பந்தயத்தில் இறங்கலாம் என்ற நிலையை உலகெங்கும் உண்டாக்கியது இந்தச் சின்னக் கார்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் அட்டனில் ஒரு கராஜுக்குப் போயிருந்தேன். பின்புறக் கொட்டகையில் அப்படியொரு ஒஸ்டின் கார் கட்டைகளின் மேல் நின்றது. கராஜ்காரர் வயதானவர், தோட்டத்து லயத்தில் பிறந்து, லொறிகளோடு வளர்ந்தவர். இது எந்த ஆண்டுக் கார் என்று கேட்டேன்.

“எதைக் கேக்கிறீங்க சேர்?” என்று சிரித்தார். “எஞ்சின் வேற காரோடது. பின் அச்சு கொழும்புல பழைய இரும்புக் கடையில எடுத்தது. மூக்குத் தகடு நான் அடிச்சது. கால் வைக்கிற பலகை, தேயிலைப் பெட்டிப் பலகை.”

“அப்படியானால் பழைய காரில் மிச்சம் என்ன?”

“சட்டமும் நம்பரும். அப்புறம் இந்தப் புத்தகம்.” ஒரு பழைய பதிவுப் புத்தகத்தைப் பொலித்தீன் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற விவரம் வெவ்வேறு மைகளில் எழுதப்பட்டிருந்தது.

பழைய பந்தயக் காரின் வரலாறு இப்படித்தான் எழுதப்படுகிறது. சட்டத்தில் பொறித்த இலக்கம், எஞ்சின் இலக்கம், தொழிற்சாலைப் பேரேடு, பதிவுத் தகடு, உரிமையாளர் வரிசை, பந்தய நிகழ்ச்சி நிரல், புகைப்படம், திருத்திய கடைக்காரரின் பற்றுச்சீட்டு என்று ஒவ்வொன்றாகத் தேடி இணைப்பார்கள். நல்ல ஆய்வாளர் ஒருவர் கையில் அகப்பட்டால் அந்தக் கார் எந்த மாதம் எந்தப் பந்தயத்தில் எந்த வளைவில் மோதியது என்பது வரை சொல்லிவிடுவார். அரச வம்சங்களின் மெய்க்கீர்த்தியும் இத்தனை நுணுக்கமானதல்ல. பந்தயக் காருக்கு இந்த ஆவணம் இன்றியமையாதது. ஏனென்றால் ஓடிய கார் உடையும். உடையும் கார் மாறும். வீட்டிலே பூட்டிவைத்த கார் மட்டுமே பிறந்தபடி இருக்கும்.

இனி அந்த இலண்டன் வழக்குக்கு வருவோம்.

பிரான்சின் லே மான் நகரில் 1923 முதல் 24 மணிநேரப் பந்தயம் நடந்து வருகிறது. அக்காலத்தில் அது முழுக்க முழுக்கப் பொதுச் சாலைகளிலேயே ஓடியது. மாட்டுவண்டி போகும் பாதையை ஒருநாள் மூடி, பகலும் இரவுமாகக் கார் விட்டார்கள். 1929இல் பென்ட்லிக் கொம்பனியின் ‘ஸ்பீட் சிக்ஸ்’ வகைக் கார் ஒன்று அங்கே முதலாவதாக வந்தது. ஆறரை லீற்றர் எஞ்சின். ஓடிய தூரம் ஏறத்தாழ 2,840 கிலோமீற்றர். ஓட்டியவர்கள் வூல்ஃப் பர்னாட்டோ, டிம் பர்க்கின் என்ற இருவர். பர்னாட்டோ தென்னாபிரிக்க வைரச் சுரங்கச் செல்வத்தின் வாரிசு; அக்கொம்பனியின் தலைவரும் அவரே. அடுத்த ஆண்டு, 1930இல், பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் அதே காரை ஓட்டி மீண்டும் வென்றனர். ஒரே கார் அடுத்தடுத்து இரண்டு முறை லே மானில் வென்றது அதுவே முதல் தடவை. ‘ஓல்ட் நம்பர் வன்’ என்று அதற்குப் பெயர் வழங்கியது. ‘பழைய முதலாம் இலக்கம்’ எனலாம்.

1931இல் பென்ட்லிக் கொம்பனி கடனில் மூழ்கி, ரோல்ஸ் ரோய்ஸ் வசமாயிற்று. ஆனால் கார் ஓய்வுபெறவில்லை. புதிய உடல் பூட்டினார்கள். பின்னர் வேறொரு வகைப் பென்ட்லியின் சட்டகமும், 8 லீற்றர் எஞ்சினும் வந்து சேர்ந்தன. 1932 செப்டெம்பரில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் 500 மைல் பந்தயத்தின்போது அந்தக் கார் உயர்ந்த கரையைத் தாண்டிப் பாய்ந்து நொறுங்கியது. ஓட்டிச் சென்ற கிளைவ் டன்ஃபீ அங்கேயே உயிர்நீத்தார். சிதைந்த காரைப் பர்னாட்டோ எறிந்துவிடவில்லை. கூரையுள்ள பயணக் காராக மீளக் கட்டுவித்துத் தாம் ஓட்டினார்.

காலம் கழிந்தது. 1990இல் அக்காரின் அன்றைய உரிமையாளர் அதை ஒரு கொம்பனிக்கு 1 கோடி பவுண் பெறுமதிக்கு விற்க உடன்பட்டார். பிறகு கொம்பனி பின்வாங்கியது. “இது லே மானில் வென்ற கார் அல்ல, அந்தக் காரின் பெயரைச் சூடிக்கொண்ட வேறொரு கார்” என்பது அவர்கள் வாதம். உரிமையாளர் நீதிமன்றம் சென்றார்.

நீதிபதி ஒட்டன் பல நிபுணர்களின் சாட்சியத்தைக் கேட்டார். ஒவ்வோர் உறுப்பாக எண்ணிப் பார்த்தார். 1929இல் வென்ற காரிலிருந்து காலம் சொல்ல முடியாத சில துணுக்குகளைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. 1930இல் வென்ற காரிலிருந்து மூன்றே பொருட்கள்தான்: மிதிகளைத் தாங்கும் தண்டு, கியர்ப் பெட்டியின் கூடு, திசைதிருப்பியின் தண்டு. மிகுதி யாவும் பின்னால் வந்தவை.

இப்படியிருக்கத் தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அது ‘ஓல்ட் நம்பர் வன்’ தான் என்றார் நீதிபதி. பிறந்தபடியே இருக்கும் கார் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் போலியும் அல்ல. அதன் உறுப்புகள் ஒரே நாளில் மாறவில்லை. பந்தயக் காருக்கு இயல்பான முறையில், தேவை வந்தபோதெல்லாம் ஒவ்வொன்றாக மாறின. அது கலைந்துபோய்க் காணாமல் கிடந்த காலம் என்று எதுவுமில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கோரும் வேறு காரும் உலகில் இல்லை. இடையறாத வாழ்வு அதற்கு உண்டு. ஆகவே அது அதுவே. இதுதான் தீர்ப்பின் சாரம்.

நமக்கு இது புதிய தத்துவமல்ல. நம் கோயில் தேரைப் பாருங்கள். சக்கரம் மாற்றுகிறோம், வடம் மாற்றுகிறோம், உளுத்த மரத்தை நீக்கிப் புதுமரம் பொருத்துகிறோம். ஆனாலும் அது நம் பாட்டன் இழுத்த தேர்தான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆண்டுதோறும் அதே வீதியில் வலம்வந்ததே அதற்குச் சாட்சி.

அட்டன் கராஜில் இந்தத் தீர்ப்பை நான் கதைபோலச் சொன்னேன். பெரியவர் பதிவுப் புத்தகத்தை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டே கேட்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “காருக்கு நல்ல நீதிபதி கெடைச்சாரு. எங்கப்பாவுக்குக் கெடைக்கல சேர்.”

நேயர்களே, அந்த ஒரு வாக்கியத்துக்குள் மலையகத்தின் ஒரு நூற்றாண்டு அடங்கியிருக்கிறது.

அவருடைய தந்தையின் தலைமுறை தமிழகத்திலிருந்து இங்கு வந்தபோது, அவர்களுக்கும் உலோகத்தில் பொறித்த இலக்கம் ஒன்று தரப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரச் சீட்டு அது. எந்தத் தோட்டத்துக்குப் போகும் ஆள் என்பதைக் காட்டும் வில்லை, கழுத்தில் தொங்கும். காருக்கு இலக்கம் பொறித்தது அதன் அடையாளத்தைக் காப்பதற்கு. ஆளுக்கு இலக்கம் பொறித்தது சரியான தோட்டத்தில் கொண்டு சேர்ப்பதற்கு. அவர்களிடம் இருந்த மற்றோர் ஆவணம் ‘துண்டு’. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டம் போகும் தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்பதை அது சொன்னது. அந்த முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. கடனுக்குக் காகிதம் இருந்தது, பிறப்புக்கு இல்லை.

1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அந்தக் காகிதம்தான் கேட்கப்பட்டது. தந்தை இலங்கையில் பிறந்தார் என்று காட்டு. அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு. இலங்கையில் பிறப்புப் பதிவு கட்டாயமானதே 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான். லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பத்திரம் எங்கே போவது? ஏழு இலட்சம் அளவிலான மக்கள் ஒரு சட்டத்தால் நாடற்றவர் ஆயினர்.

1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது போலிருந்தது. அங்கே கேட்கப்பட்டது இடையறாத வதிவிடம். ஆம், இலண்டன் நீதிபதி காரிடம் கண்ட அதே பண்பு. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஊருக்குப் போனவர் ஒரு தடவையில் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. முடிவில் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானோருக்கே உரிமை கிடைத்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தனர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

நொறுங்கி, சட்டகம் மாறி, எஞ்சின் மாறி, மூன்று உறுப்புகள் மட்டுமே மிஞ்சிய காருக்கு அதன் வாழ்வே சாட்சியாக ஏற்கப்பட்டது. ஒரே மலையில், ஒரே லயத்தில், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மனிதருக்கு அந்தச் சாட்சி போதவில்லை. இதைச் சொல்வது பழைய காரை நேசிப்போரைக் குறைகூறுவதற்காக அல்ல. ஓர் இயந்திரத்தின் கடந்தகாலத்தை அவர்கள் எத்தனை பொறுமையோடு தேடுகிறார்கள்! அந்தப் பொறுமையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். பழைய செக்ரோல் ஏடு, தோட்டப் பாடசாலையின் வரவுப் பதிவு, பெட்டியடியில் கிடக்கும் கடவுச்சீட்டு, கோயில் திருவிழாக் கணக்கு, கொழுந்துச் சீட்டு ஆகிய எல்லாமே நம் வம்சத்தின் பதிவுப் புத்தகங்கள்தாம். கறையானுக்குக் கொடுக்குமுன் அவற்றை எடுத்து உறையில் போட்டு வைப்போமாக.

மாகஸ்தோட்டப் பாதைக்கும் ஒரு வரலாறு உண்டு. தோட்டப்பாதைகளைத் தோட்டத்து ஆட்களே வெட்டினார்கள். வழுக்கும் சரிவில் கல் அடுக்கி, கான் எடுத்து, வளைவுக்கு வளைவு அணை கட்டினார்கள். பந்தயத்தில் வென்ற காரின் நேரம் செக்கனின் பின்னம் வரை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வளைவைச் செதுக்க எத்தனை ஆள்நாள் சென்றது என்று எழுதியவர் யார்?

ஔவையார் கண்ட சேம அச்சு வண்டியின் அடியில் கட்டப்பட்டிருக்கும். சந்தையில் வண்டியைப் பார்ப்போர் அதைப் பார்ப்பதில்லை. 1869இன் பின் இலைநோய் தாக்கிக் கோப்பி என்ற அச்சு முறிந்தபோது, இந்நாட்டின் வண்டி தேயிலையைக் கொண்டு மேடேறியது. அந்தத் தேயிலையை நட்டு, கொய்து, சுமந்தவர்கள் அடியிலே கட்டப்பட்டிருந்தவர்கள்தாம். எந்தப் புலவரும் பாடாமலே ஔவையின் உவமைக்கு அவர்கள் பொருளாகிவிட்டார்கள்.

விடைபெறும்போது பெரியவரிடம், கார் என்றைக்கு ஓடும் என்று கேட்டேன். “இன்னும் ஒரு சாமான் வரணும் சேர், வந்தா ஓடும்” என்றார். எந்தச் சாமான் என்று கேட்டதற்கு, முன் அச்சைத் தட்டிக் காட்டினார்.